மூணாவது படியைத் தாண்டி வந்தவர்

இல்ல தம்பி, தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல. கையில இருக்கற காகிதத்தையெல்லாம் மேசை மேல வைங்க, பைபிளை இப்படித் தள்ளிடறேன். காப்பி கொதிக்குது, பாத்துக் குடிங்க. எங்க விட்டேன்? ஆங், ட்ரெவர். என் மருமகனா இருந்தவன். பல் டாக்டர் காலேஜுல சேர எழுதிப் போட்டிருக்கான், அவன் நடத்தையை விசாரிக்க வந்திருக்கேன்னு சொன்னீங்க. நல்லது. விசாரிக்க வேண்டியதுதான். நாளைக்கு ஜனங்க அவன் முன்னால வாயைத் தொறந்துக்கிட்டு மல்லாந்து படுக்கணுமில்ல.

எந்தக் காலேஜுன்னு சொன்னீங்க? சொல்லலையா. சரி, அது ரகசியமா இருக்கும்.

அது கெடக்கட்டும். எங்க வாசப்படியில மூணாவது பலகை ஆடும். புதுசா வர்றவங்க ஒருத்தர் பாக்கியில்லாம அதுல தடுக்குவாங்க. ரெண்டு வருஷமா வர்ற தபால்காரரே போன பனிக்காலத்துல அதுல விழுந்து எழுந்தார். நீங்க என்னடான்னா காகிதத்தைப் படிச்சுக்கிட்டே அதைத் தாண்டிக் கால் வச்சீங்க. சன்னல்ல நின்னு பாத்தேன். அந்தப் பலகைக்கு ஆணி அடிச்சது ட்ரெவர்தான். வேலை நல்லாத்தான் செய்வான். முடிக்கிற வரைக்கும் பொறுமை இருக்காது, அது ஒண்ணுதான்.

சேச்சே, குறை சொல்லல. கோர்ட்டு உத்தரவைப் பத்தித்தானே கேட்டீங்க? ஆமா, வாங்கினோம். என் பொண்ணு ஹானாவை அஞ்சு வருஷத்துக்கு அவன் நெருங்கக் கூடாது, போன் பண்ணக் கூடாது, ஆள் விட்டும் தேடக் கூடாதுன்னு ஜட்ஜம்மா எழுதிக் குடுத்தாங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள சின்னப் பிணக்குன்னா சொல்றீங்க? இப்பக் கை கழுவப் போனீங்களே, அந்தக் குளியலறைக் கதவுல தாழ்ப்பாள் இல்லாததைப் பாத்தீங்களா? அன்னிக்கு உள்ள இருந்தவ ஹானா. வெளிய நின்னு தாழ்ப்பாளை உடைச்சவன் அவன். நான் மாவு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அஞ்சு வருஷமாச்சு, புதுத் தாழ்ப்பாள் போட இன்னும் மனசு வரல. வர்ற விருந்தாளிங்க உள்ள போனா சத்தமாப் பாட்டுப் பாடிக்குவாங்க.

ஹானா இப்ப எங்க இருக்கான்னு மூணாவது தடவையாக் கேக்கறீங்க. பரவால்ல, உங்க வேலை அப்படி. அவ ஒரு கையெழுத்துப் போட்டா உத்தரவை முன்னாடியே எடுத்துடலாம், அவன் பேரு சுத்தமாயிடும்ங்கறீங்க. அதுதான் எனக்குப் பிடிபடல. விசாரிக்க வந்தவருக்கு அவன் பேரு சுத்தமாகறதுல என்ன அக்கறை? இல்ல, சும்மாதான் கேட்டேன். மக்காச்சோள ரொட்டி, இன்னிக்குச் சுட்டது. எடுத்துக்கங்க.

நான் பெரிய படிப்பெல்லாம் படிக்கல. சட்டமும் தெரியாது. ஆனா போன செவ்வாக்கிழமை ஒரு அம்மா போன் பண்ணாங்க. இதே ட்ரெவரைப் பத்தி விசாரிக்கத்தான். மொதல்ல காலேஜ் பேரைச் சொன்னாங்க, அப்புறம் தன் பேரைச் சொன்னாங்க, சந்தேகம்னா நீங்களே கூப்பிட்டுச் சரிபாத்துக்கங்கன்னு நம்பரும் குடுத்தாங்க. வீட்டுக்கு யாரையும் அனுப்பற வழக்கம் எங்களுக்கு இல்லன்னாங்க. ஹானா விலாசம் வேண்டவே வேண்டாம், நீங்களாச் சொன்னாலும் எழுதிக்க மாட்டோம்னாங்க.

உக்காருங்க தம்பி. காப்பி பாதிகூடக் குடிக்கல.

அந்தம்மாதான் எனக்குப் பொறுமையா வெவரம் சொன்னாங்க. இது கிரிமினல் கேஸ் இல்லயாம், கைரேகை எடுத்துப் போலீஸ் பதிவுல தேடினாலும் வராதாம். ஆனா விண்ணப்பத்துல ஒரு கேள்வி உண்டாம், உங்க மேல எப்பவாவது இப்படி ஒரு உத்தரவு இருந்துதான்னு. ட்ரெவர் ஆமான்னு எழுதியிருக்கான். விசாரிக்கச் சொல்லி என் நம்பரையும் அவனே குடுத்திருக்கான். கேட்டதும் இதே நாற்காலியில உக்காந்து அழுதேன். பொய்யாவே பேசின பையன் ஒரு இடத்துல உண்மையை எழுதியிருக்கானேன்னு. அவனுக்காக நான் தெனமும் ஜெபம் பண்றேன், அது ஹானாவுக்குக்கூடத் தெரியாது.

உத்தரவு இருந்துதுங்கறதுக்காக மட்டும் அவனைத் தள்ளிட மாட்டாங்களாம். அதை இப்ப எடுத்துட்டாலும் பழைய காகிதம் கோர்ட்டுல இருக்கத்தான் செய்யுமாம். அவங்களுக்குத் தெரிய வேண்டியது, அஞ்சு வருஷமும் அதை மதிச்சு நடந்தானாங்கறது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான். முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு.

உங்க சட்டைப் பையில போன் மினுங்கிக்கிட்டே இருக்கே, நீங்க வந்ததுலேர்ந்து. அவன்தானா? அணைக்க வேண்டாம், கேக்கட்டும். நீங்க அவனுக்கு என்ன வேணும்? சித்தப்பா பையனா. சரி. அப்ப அந்தப் படியைப் பாத்து ஏறுன்னு அவன்தான் சொல்லி அனுப்பியிருப்பான். நீங்க விழுந்துடக் கூடாதேன்னு நெனச்சிருக்கான், பாருங்க. உங்க மேல எனக்குக் கோவமில்ல.

இந்தாங்க, பைபிளுக்குள்ள ஒரு உறை இருக்கு. காலேஜுக்கு நான் எழுதின லெட்டர். நாலு நாளாச்சு எழுதி முடிக்க. எழுத்துப்பிழை நெறைய இருக்கும். தபால்தலைகூட ஒட்டியாச்சு, மத்தியானம் தபால்காரர் வருவார். அவன் மாறிட்டான், அவனுக்கு ஒரு வழி விடுங்கன்னு எழுதியிருக்கேன். கடைசியா ஒரு வரி. இந்த அஞ்சு வருஷத்துல ட்ரெவர் தானும் வரல, ஆள் விட்டும் என் பொண்ணைத் தேடலன்னு.

எழுதும்போது உண்மைதான் தம்பி. இன்னிக்குக் காலைல நீங்க அந்தப் படியைத் தாண்டற வரைக்கும் உண்மைதான்.