தாலிக்குண்டு போற வழி

— இன்னும் ஒரு வாழப்பழம் தின்னு இளவரசி. தின்னாத்தான் சீக்கிரம் வெளிய தள்ளும்.

— வவுறு முட்டுது. தள்றப்ப தள்ளும். தறியில பாவு பாதியில நிக்குது, நீ இன்னாடான்னா என் வவுத்தயே பாத்துக்கினு ஒக்காந்திருக்கற.

— தோ பாரு, கோயில் இட்லியோட தாலிக்குண்டையும் சேத்து முழுங்குவாளா ஒருத்தி? கயிறு இத்துப் போச்சின்னா முன்னாடியே பாக்க வேணாமா? இப்ப எங்க இருக்குமாம்?

— எக்ஸ்ரே எடுத்த பொண்ணுதான் காட்டிச்சே. தொண்டையத் தாண்டிடுச்சு. உணவுக்குழாய் பிசைஞ்சி பிசைஞ்சி எறக்கி இரப்பையில வுட்டுடுச்சு.

— ஐயய்யோ, அங்க ஆசிட் இருக்குதாமே! தங்கம் கரஞ்சிடப் போவுதுடி.

— இட்லி கரையும். தங்கம் உன் போனுக்குள்ள போனாத்தான் கரையும்.

— ஆரம்பிச்சிட்டியா? தோ பாரு, ரம்மியில இதான் கடைசி ஆட்டம். நம்ம பொண்ணு துளசி தலையில அடிச்சி சத்தியம் பண்ணேன் இல்ல?

— அந்தத் துளசி காதுல ஈர்க்குச்சி சொருவிக்கினு ஏனாத்தூர் காலேஜுக்குப் போவுது. அது கம்மல் போனதும் உன் கடைசி ஆட்டத்துலதான். வீட்ல மிச்சம் இந்தக் குண்டு ஒண்ணு. இத அழிச்சாவது அதுக்கு ஒரு கம்மல் பண்ணணும்னு இருந்தேன்.

— ஜெயிச்சா ஜிமிக்கியே வாங்கிக் குடுத்துடறேன். சரி, இரப்பைக்கு அப்புறம்?

— சிறுகுடல். ஒரு பொடவ நீளத்துக்குச் சுருட்டி வச்சிருக்குதாம். சத்தெல்லாம் அங்கதான் ஒடம்புல சேருமாம்.

— குண்டும் சேந்துடுமா?

— சேந்தா நிம்மதியாப் பூடும். சேராது. பெருங்குடல் தண்ணிய உறிஞ்சிக்கினு மிச்சத்த வெளிய தள்ளிடும்.

— கக்கூசுக்குப் போனா என்கிட்ட சொல்லு. நானே தேடி எடுக்கறேன்.

— பெத்த புள்ள பீத்துணிய ஒரு நாள் அலசுனது இல்ல நீ.

— அழுவாதடி. தெரியாம முழுங்கிட்ட, உன்மேல எனக்குக் கோவம் இல்ல. போன தீவாளிக்கும் இப்டித்தான், நான் அடகு வக்கக் கேட்ட அன்னிக்கே தொலஞ்சிது. அப்புறம் அரிசிப் பானையில கெடக்கல? அது மாதிரி இதுவும் கெடச்சிடும்.

— பானையில கெடக்கலய்யா. அப்பவும் இதே வழியாத்தான் வந்துச்சு. கழுவிக் கழுத்துல கட்டிக்கினேன். இந்த வாட்டி கட்ட மாட்டேன். வந்ததும் கழுவி, மறுபடியும் முழுங்கிடுவேன்.