மூன்று வார நாற்றம்

— செருப்பை வாசல்ல கழட்டணும்னு எனக்குத் தெரியும் கமென். ஆனா உன் வீட்டுல கழட்ட மாட்டேன். போன தடவை காலெல்லாம் குத்தி எடுத்துச்சு.

— அது பூனை ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போற தட்டுல கொட்டியிருந்த வெள்ளைப் படிகம், பென்காம்மா. அதைத் தூக்கிப் போட்டாச்சு. வாங்க, உக்காருங்க.

— உக்கார வரல. வீட்டுக்காரியா வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள பூனை போகணும், இல்ல பூனையோட சேர்ந்து நீ போகணும். சொல்லிட்டேன்.

— இந்தப் பனியில எங்கம்மா போறது? பாஷாவுக்குப் பதினாலு வயசு. ஒரு கண்ணு தெரியாது. அவனை எவன் எடுத்துக்குவான்?

— அது உன் கவலை. நாத்தம் தாங்கல தம்பி. கீழ என் வீட்டுத் திரைச்சீலை நாறுது, கம்பளம் நாறுது. நேத்து என் நாத்தனா காப்பிக்கு வந்தா. ஒரு வாய் குடிக்கல, கோட்டை மாட்டிக்கிட்டு ஓடிட்டா.

— அதுக்காகவாவது பாஷாவுக்கு ஒரு நன்றி சொல்லலாமேங்க.

— வாயை அடக்கு. முதல்ல அந்தப் பூனைத் தட்டுல போடக் களிமண் வாங்கினே. சிந்தினதைத் துடைக்கிறேன்னு தண்ணி ஊத்தி என் மாடிப்படிக்கே பூச்சு வேலை பார்த்தே. அப்புறம் படிகம். இப்ப என்ன கண்றாவி?

— விறகுக்குப் பதிலா அடுப்புல போடுவாங்களே, மரத்தூளை அழுத்திச் செஞ்ச குட்டிக் குச்சி. அதான். தூசி கிடையாது, பாதத்துல ஒட்டாது. தட்டுக்கு முன்னாடி மிதியடி போட்டிருக்கேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வாரிடறேன். நீங்களே குனிஞ்சு மோந்து பாருங்க.

— ம்... மரவாசம்தான் வருது. அப்ப அந்த நாத்தம் எங்கேருந்து வருதாம்?

— எப்ப வருது?

— சாயங்காலம் ஆறு மணிக்கு. நான் அடுப்பை மூட்டி உக்கார்ற நேரம் பார்த்துக் கிளம்பும். உன் பூனை அதுக்குன்னே காத்திருக்கும் போல.

— அவனுக்கு மணி பார்க்கத் தெரியாதுங்க.

— அடுப்புல போடற குச்சியைப் பூனைக்குக் கொட்டறியே, அதைச் சொல்லு. கதவை மூட நேரமாகி அடுப்புச் சூடு வெளிய போகுதுன்னு பூனை வாலையே வெட்டினதா கஞ்சப் பேர் வாங்கின ஊர் இந்த கப்ரோவோ. அதுவும் மட்டக் குச்சி. பாதி மூட்டை வெறும் தூள். பத்தவே மாட்டேங்குது, கிடந்து புகையுது.

— எந்த மூட்டைங்க?

— கீழ கொட்டகையில என் விறகுக்குப் பக்கத்துல வெச்சிருக்கியே, அதான். அப்படிப் பார்க்காத. என் கொட்டகை, நாலு வாளி எடுத்தேன். குடியா முழுகிடும்?

— எலி இழுக்குதுன்னுல்ல நினைச்சேன். எத்தனை நாளா எடுக்கறீங்க?

— மூணு வாரமா. என் விறகு ஈரம், என்ன பண்ணச் சொல்றே? பாரு, அந்த அடுப்புலதான் பூசணி சுட்டு உனக்கும் ஒரு தட்டு கொண்டாந்திருக்கேன், தேன் ஊத்தி. பென்கா பொல்லாதவன்னு ஊர் பேசக் கூடாது. பூனைக்குக் குடுத்துடாத, நீ சாப்பிடு.

— தட்டு உங்ககிட்டயே இருக்கட்டும் பென்காம்மா. புது மூட்டை இதோ என் கட்டிலுக்கு அடியில இருக்கு. குப்பை வண்டி பனியில மேடு ஏறி மூணு வாரமாச்சு. கொட்டகையில இருக்கிறது பாஷா தட்டுலேருந்து வாரினது.