சர்க்கரை டப்பாவில் ஓர் 'ஏ'

உக்காருங்க டாக்டரம்மா. காபியில சர்க்கரை போட மறந்தது நான்தான், டப்பாவைத் திறந்தது உங்க தப்பில்லை. ஆமா, அதுக்குள்ள கிடக்கிற எழுத்துக்கட்டைகள் நீங்க கொடுத்ததுதான்.

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் இங்கிலீஷ் வாத்தியார். பக்கவாதம் வந்து வார்த்தை சிக்கிக்கிட்டப்போ, பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த நீங்கதான் தைரியம் சொன்னீங்க. தினமும் ஒரு பையில ஆறு கட்டை. அந்த எழுத்துகளை வச்சு எத்தனை இங்கிலீஷ் வார்த்தை வருமோ, அவர் கண்டுபிடிச்சு அடுக்கணும். விடைச்சீட்டு என்கிட்ட இருக்கும், மார்க்கும் நானே போடணும். ரெண்டு மாசத்துல தேறிட்டா மறுபடி பள்ளிக்கூடம் போகலாம்னீங்க. மனுஷன் அன்னைக்கே சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

இதுக்குப் பல வருஷம் முன்னாடி எங்கம்மா செத்தப்போ என் ஆபீசுக்கு லீவ் லெட்டர் எழுதினேன். நானா எழுதின முதல் இங்கிலீஷ் லெட்டர். அதை இவர் சிவப்பு மையால திருத்தி, துக்கம் கேக்க வந்த சிநேகிதர்கள்கிட்ட படிச்சுக் காட்டினார். "செத்தது மாமியாரா, இங்கிலீஷா?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்ணும் சிரிச்சா. நான் எழுந்து போய் டம்ளர் கழுவினேன்.

அதையெல்லாம் மறந்துட்டேன்னுதான் நினைச்சேன். பயிற்சியில முதல் வாரம் நல்லாத்தான் பண்ணார். ஒருநாள் ஆறு எழுத்தையும் சேத்து ஒரே வார்த்தையா அடுக்கிட்டு, கோணின வாயால, "இது உனக்குப் படிக்கவாவது வருமா?"ன்னு கேட்டார். பாதி உடம்பு அசையல, நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மறுநாள் பையில இருந்த 'ஏ'வை எடுத்துட்டு, பழைய பையில இருந்து ஒரு 'இசட்'டைப் போட்டேன். அரைமணி நேரம் உருட்டினார். "'ஏ', 'ஈ' ஒண்ணுமே இல்லையேடி, எப்படி வார்த்தை வரும்?"னார். சரியாத்தான் சொன்னார். நான் கட்டைகளை அள்ளி, மடியில வச்சு 'இசட்'டுக்குப் பதிலா 'ஏ'வைத் திரும்பச் சேத்துட்டு, அவர் கண்ணு முன்னாடியே சால்ட், பிளாண்ட்னு வரிசையா அடுக்கிக் காட்டினேன். "இதோ இருக்கே. நல்லாப் பாருங்க"ன்னேன்.

'ஏ'வைத் தொட்டுத் தொட்டுப் பாத்தார்.

அப்புறம் தினமும் அதேதான். எந்த எழுத்து இல்லாம வார்த்தையே வராதோ, அதை எடுத்து இந்தச் சர்க்கரை டப்பாவுல ஒளிச்சுடுவேன். நாலாம் நாள் "என் கண்ணுக்கு ஏன் தெரியல?"ன்னு கேட்டார். அடுத்த வாரம் பையைப் பிரிக்காமலே என் பக்கம் தள்ளிட்டார். நான் பொய் மார்க் போடல டாக்டரம்மா. அவர் எடுத்தது சைபர், நான் எழுதினதும் சைபர்.

போன மாசம் நீங்களே சோதிச்சீங்க. உங்க பையில எல்லா எழுத்தும் சரியா இருந்துது. அவர் கையே வைக்கல. "அவளைக் கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்"னார். அன்னைக்குத்தான் நீங்க பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டீங்க, இனி இவரால பாடம் எடுக்க முடியாதுன்னு.

அவரை நான் கைவிட்டுடலை. இப்போ தினமும் பக்கத்துல உக்காந்து ஏ, பி, சி சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு எழுத்து சரியாச் சொன்னா கை தட்டுறேன். அப்போ அவருக்குக் கண்ணு நிறைஞ்சு வழியும். இத்தனை வருஷத்துல என்னாலயும் அவருக்கு ஒண்ணு கத்துக்கொடுக்க முடியுதேங்கிற சந்தோஷம்தான், பாவம்.