இன்ஜினுக்கு எதுக்குக் குளியல்

இல்ல தம்பி, நான் உக்காரல. உக்காந்தா காபி குடுப்பீங்க, காபி குடிச்சா கையெழுத்துப் போடணும். நின்னுக்கிட்டே பேசறேன். மளிகைச் சாமானுக்குக்கூட நான் இவ்வளவு நீளமா எழுதினதில்ல. சர்வீசுக்கு வந்த வண்டிக்கு என்னத்த இவ்வளவு எழுதி வச்சிருக்கீங்க?

சிரிக்காதீங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போறதுக்குள்ள உங்கள நம்பலாமா கூடாதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். வண்டி ரெண்டாம்பட்சம். பேனாவ எடுங்க.

இன்ஜின் ஃப்ளஷ். அதாவது இன்ஜினுக்குள்ள மருந்து ஊத்திக் கழுவறது, அப்படித்தானே? ஆயில்தான் நேரா நேரத்துக்கு மாத்திட்டு வரேனே, உங்க கம்ப்யூட்டர்லயே இருக்குமே. அப்புறம் அழுக்கு எங்கேருந்து வரும்? அது என்ன சேத்துல விளையாடிட்டு வந்த குழந்தையா, புடிச்சுக் குளிப்பாட்ட? வண்டியோட குடுத்த புத்தகத்துல இந்தப் பேரே இல்ல. ஆமா, படிச்சேன். முழுசா. அதையெல்லாம் படிக்கற ஒரே பைத்தியம் நான்தான்னு என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. கோடு போட்டு அடிங்க அத.

ஏசி சுத்தம் பண்றது. வாடை வருதா? வரல. காத்து சில்லுனு வருதா? வருது. அப்போ சீக்கு யாருக்கு, ஏசிக்கா உங்களுக்கா? அடிங்க.

டயருக்கு நைட்ரஜன். நாம மூச்சு விடற காத்துலயே முக்காலுக்கு மேல அதான் தம்பி. மிச்சம் கால்வாசிக்கு இவ்வளவு அலங்காரமா? அடிங்க.

அப்புறம் ஏர் ஃபில்டர். அழுக்கு அடைச்சுப் போச்சு, உடனே மாத்தணும்னு எழுதியிருக்கீங்க. கழட்டிக் கொண்டாங்க, பாப்போம். பரவால்ல, நிக்கறேன்.

ஆங். ஓரத்துல பாருங்க, பச்சை மையில ஒரு நட்சத்திரம். நான் போட்டது. போன வாரம் புதுசு வாங்கி நானே மாட்டினேன். கொக்கிய நெம்பினா மூடி வந்துருது, அவ்வளவுதான் வேலை. நீங்க தொறந்தே பாக்கல. பாக்காமலே அழுக்குன்னு எழுதிட்டீங்க. ஜோசியக்காரன்கூட கைய ஒரு தடவை பாத்துட்டுத்தான் புளுகுவான்.

என்னது? மேனேஜர் எல்லா வண்டிக்கும் எழுதச் சொல்றாரா? அந்தக் கண்ணாடி ரூம்ல நாற்காலியச் சுத்திக்கிட்டிருக்காரே, அவரா? அவரு சொன்னா எழுதிடுவீங்க. நாளைக்கு இன்னொருத்தர் இன்னொண்ணு சொன்னா அதுக்கும் தலையாட்டுவீங்களா? காது செவக்குது பாருங்க. செவக்கட்டும். ஃபில்டரையும் அடிங்க.

கடைசி வரி. பிரேக் ஆயில். அதையும் அடிங்க.

ஏன் பேனா நிக்குது? அடிங்கங்கறேன். ஆயில்ல தண்ணி சேந்துருக்கா, அவசரத்துக்கு பிரேக் புடிக்காதா? மீட்டர் வச்சுப் பாத்தீங்களா? நீங்களேவா? எனக்கு வேணாம். இவ்வளவு நேரம் ஒவ்வொண்ணா அடிச்சீங்களே, இதுல மட்டும் என்ன ரோஷம்? மேனேஜரக் கூப்பிடட்டுமா? நான் சத்தம் போட்டா அந்தக் கண்ணாடி தாங்காது, சொல்லிட்டேன்.

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க. கட்டி இழுத்துட்டுப் போய் வேற எங்கயாவது வேணா மாத்திக்கலாம், ஆனா மாத்தாம ரோட்டுல எறக்க விடமாட்டீங்க. சாவி தரமாட்டீங்க. என் வண்டி சாவிய எனக்கே தரமாட்டீங்க!

ம்.

சரி, மாத்துங்க. அது புத்தகத்துல இருக்கு, எனக்குத் தெரியாதா? நாலு புளுகு எழுதினீங்க, நான் ஒரு அதட்டு போட்டதும் நாலையும் விட்டுட்டீங்க. நெசமா இருந்தது ஒண்ணே ஒண்ணு, அத மட்டும் எவ்வளவு கத்தியும் விடல. இத வச்சு உங்கள என்ன மனுஷன்னு நான் கணக்குல எடுத்துக்கறது?

எனக்கு எதுக்கா? மாடி இன்சூரன்ஸ் ஆபீஸ்லேருந்து மத்தியானம் எறங்கி வந்து உங்க டப்பாவுலேருந்து பாதியப் புடுங்கித் தின்னுட்டுப் போறாளே ஒருத்தி, அவ என் பொண்ணு. கட்டினா உங்களத்தான் கட்டுவாளாம். அவருக்குப் பொய் சொல்லவே வராதும்மான்னு வேற சொன்னா. நல்லாப் பாத்து வச்சிருக்கா.

முழிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அவ அப்பா எதுக்கும் சரி சரின்னுவாரு, அதனால கேள்வியெல்லாம் நான்தான் கேப்பேன். மாப்பிள்ளைன்னு கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரல. வந்தா கூப்பிடறேன். இப்போ போய் வேலையப் பாருங்க தம்பி.