இரண்டாவது குச்சி

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். வெந்நீரில் உப்புக் கரைத்துத் தொண்டையைக் கொப்பளிப்பேன். வெப்பமானியை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் ஜன்னலைப் பார்ப்பேன். விரலில் கருவியை மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பேன். இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதுவேன். அதில் என் மனைவிக்கான கட்டங்கள் ஏழு வாரமாகக் காலி. உடல்நல விஷயத்தில் நான் ஒழுங்கானவன். உங்கள் விசாரணைக் குறிப்பில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்து, குழாயில் போட்டு, பெயர் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. ஊரடங்கு தளர்ந்து ரயில் ஓடத் தொடங்கிய மாதம், ஒரு நாளைக்கு இருநூறு மூக்கு பார்த்தேன். பயணம் போக எல்லோருக்கும் 'தொற்று இல்லை' என்ற சான்றிதழ் தேவைப்பட்டது. எங்களுக்கும்.

வேறு ஊரில் இருக்கும் மாமனார் வீட்டில் ஞாயிறு மதியம் எல்லோரும் கூடிச் சாப்பிடுவதாக ஏற்பாடு. முந்தைய இரண்டு தடவையும் நான் போகவில்லை. கூடத்தில் வேலை இருந்தது. பொய்யில்லை. ஆனாலும் என் மனைவியின் அக்கா எனக்கு ஒரு பட்டம் கொடுத்திருந்தாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள்: "என்னடி, சாக்கு மன்னர் இந்தத் தடவை என்ன சாக்கு வச்சிருக்காரு?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வியாழக்கிழமை தொண்டை கரகரத்தது. கூடத்தில் ஒரு கிட் எடுத்து நானே சோதித்துக்கொண்டேன். இரண்டு கோடு. இரண்டாவது மங்கலாக இருந்தது. மங்கலோ அழுத்தமோ, கோடு கோடுதான், தொற்று தொற்றுதான் என்று வருகிறவர்களுக்கு விளக்குவேன். எனக்கு விளக்கிக்கொள்ளவில்லை. கிட்டை முறைப்படி மருத்துவக் கழிவில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மனைவியைக் கூடத்துக்கு வரச் சொன்னேன். மாதிரி எடுத்துக் குழாயில் போட்டேன். பிறகு இன்னொரு குச்சியைப் பிரித்தேன்.

"இன்னொண்ணா? என் மூக்கு என்ன சுரங்கமா?"

"முதல்ல எடுத்தது சரியா வரல. ஆடாம இரு."

"ஊருக்கெல்லாம் எடுக்கிறவருக்குப் பொண்டாட்டி மூக்குதான் சரியா வரலையாக்கும்."

தும்மிவிட்டுச் சிரித்தாள். இரண்டாவது குழாயில் என் பெயரை ஒட்டினேன். கோணலில்லாமல் ஒட்டினேன்.

கிட் தவறாகக் காட்டியதென்று நம்பியிருந்தால் சொந்த மூக்கிலிருந்தே எடுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. 

அவள் ஆசைப்பட்டாள், அதனால் செய்தேன் என்று நேற்று சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை நான் இருமியபோது, பெட்டியைப் பாதி மூடிய கையோடு அவள் சொன்னாள்: "உடம்பு முடியலைன்னா சொல்லிடுங்க, டிக்கெட்டை கேன்சல் பண்ணிடலாம். அப்பாவும் அக்காவும் எங்கயும் ஓடிப் போயிட மாட்டாங்க."

தூசி என்றேன்.

பயணத்தில் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன். இருக்கை, ஜன்னல் கம்பி, கைப்பிடி எல்லாவற்றையும் கிருமிநாசினியால் துடைத்தேன். "போதும், ரயிலையே குளிப்பாட்டிட்டீங்க" என்றாள். வெளிச் சாப்பாட்டைத் தொடவிடவில்லை. அவளுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. இன்ஹேலர் கண்ட இடத்தில் படக்கூடாதென்று என் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

அக்கா வாசலை மறித்து நின்றாள். "அடேங்கப்பா, சாக்கு மன்னர் வந்துட்டாரு! சர்டிஃபிகேட் இல்லாதவங்களுக்குச் சோறு கிடையாது, காட்டுங்க."

"ரெண்டு பேருக்கும் நெகட்டிவ். லேப்காரர் பொண்டாட்டிகிட்டயே கேக்கிறியா?" மனைவி ஃபோனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். பிறகு முகக்கவசத்தைக் கழற்றினாள். நானும் கழற்றினேன்.

"மாப்பிள்ளை இருக்கிறப்ப என்ன பயம்," என்று மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏ.சி.க்காக ஜன்னல்களை மூடியிருந்தார்கள். நான்கு மணி நேரம் பேசினோம். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. நல்ல நாள்.

ஊர் திரும்பி மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். இருவருக்கும் மாதிரி எடுத்தேன். என்னுடையதை இந்த முறை என் மூக்கிலிருந்தே எடுத்தேன். இருவருக்கும் தொற்று. உங்கள் சுகாதாரத் துறையின் படிவத்தில் 'முதலில் அறிகுறி தெரிந்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் பெயரை எழுதினேன். அவளுக்கு வாசித்தும் காட்டினேன்.

"ரயில்ல பாத்ரூம் போனேன்ல, அங்கதான் ஒட்டிக்கிச்சு போல," என்றாள். இருக்கலாம் என்றேன்.

மாமனார் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். இங்கே ஆஸ்பத்திரிக்குப் போன அவள் திரும்பவில்லை. தங்கைதான் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள் என்று அக்கா உறவினர்களிடம் சொல்கிறாளாம். நான் மறுத்ததில்லை. படிவத்திலும் அப்படித்தானே இருக்கிறது.

'அப்பாவைப் பாத்துக்கோங்க' என்பதுதான் அவள் கடைசிப் பேச்சு என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு அது ஆறுதல். அவள் அப்படிச் சொல்லவில்லை. செயற்கை சுவாசத்துக்குக் குழாய் பொருத்துவதற்கு முன்னால் நர்ஸ் ஃபோனை அவள் முகத்தருகே பிடித்தார். எனக்கு அப்போது காய்ச்சல்கூட விட்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"என்னாலதான உங்களுக்கும் வந்துச்சு. மன்னிச்சிடுங்க."