அங்கே இன்றும் குளிக்கலாம்

ஜெகதாப்பட்டினத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் செல்போனைப் பார்த்துச் சொன்னாள்:

“இன்னைக்கும் அலை இல்லையாம்க்கா. குளிக்கலாம்னு போட்டிருக்கான்.”

“எங்கடி?”

“அக்கரையில இருக்குற அந்தத் தீவுல. டூரிஸ்டுகளுக்காகக் கடல் எப்பிடியிருக்குன்னு தெனம் போடுறான். எங்க வீட்டுக்காரரோட மீன்புடி போட்டும் அங்கிட்டுத்தானே போச்சு.”

“கடல் அமைதியா இருந்தா நல்லதுதானே?”

“அவுக போன ஒம்பது நாளா அமைதியாத்தான் இருக்கு. நேவிக்காரன் புடிச்சுட்டுப் போயிருந்தாலும் சேதி வந்திருக்கும். காத்தடிச்சா எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பாகன்னு நெனைச்சுக்கிருவேன். அமைதியா இருக்கையில என்னன்னுக்கா நெனைக்கிறது?”

மீமிசலில் இறங்க எழுந்தபோதுதான் மூத்தவள் கேட்டாள்.

“நாளைக்கு எப்பிடியாம்?”

“நாளைக்கும் குளிக்கலாமாம்க்கா.”