அணியத்தில் ஓர் இடம்

— தோ பாரு மச்சான், கரையில நின்னு பாத்தா உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா இன்னா தெரியும்? கப்பல் பாய் தெரியும். பொகை தெரியும். கோட்டையிலேர்ந்து பீரங்கி போடற சத்தம் காத கிழிக்கும். உன் பொண்ணு மூஞ்சி மட்டும் தெரியாது.

— உன் படகுல நடுப்பலகைக்கு இன்னா கேக்கற, தனக்கோடி?

— ஒரு கூடை கருவாடு. அதுல குந்தினா முன்னால இருக்கிறவன் முதுகத்தான் பாக்கணும். நம்ம கிட்ட ஒளிவு மறைவு கெடையாது. சுண்ணாம்புக்குளத்து ஆளுங்க ஆறு பேரு அதுல ஏறிட்டாங்க. அணியம்னா வேற. படகோட முன்மூக்கு, மறைக்க ஒண்ணும் இல்ல. அங்க ஒரே ஒரு எடம்தான் மிச்சம்.

— கப்பலுக்கு எவ்ளோ கிட்ட போவும், அண்ணே?

— அதோ காயப்போட்ட வலை இருக்குது பாரு தங்கச்சி, அவ்ளோ தூரம். மேல நிக்கிறவங்க பல்ல எண்ணிடலாம்.

— அவ்ளோ கிட்டயா! யோவ், கேட்டியா?

— கேட்டுக்கினுதான் இருக்கேன் லோகா. அந்த எடத்துக்கு இன்னா வாங்கறான்னும் கேளு.

— ஒரு பாடு, அவ்ளோதான். முந்தாநாள் வலை போடற முறைக்குச் சீட்டு எடுத்தப்ப மொத பாடு உனக்கு விழுந்துதே, அத என் தம்பி பொன்னுரங்கத்துக்கு வுட்டுக் குடுத்துடு. நாளான்னிக்கு ஏரியில உன் வலைக்குப் பதிலா அவன் வலை எறங்கட்டும்.

— அவ்ளோதான்னு வாய் கூசாம சொல்ற! ரெண்டு வருஷம் மழை இல்லாம முகத்துவாரம் மண்ணடிச்சிக் கெடந்துது. ஏரி உப்புப் பாத்தியா காஞ்சி போச்சு. இப்பத்தான் தொறந்து, இறாலு உள்ள ஏறி வருது. மொத பாட்ட வுட்டா அடுத்து என் முறை வர ஒரு மாசம். அது வரைக்கும் என் வூட்ல இன்னா பொங்கறது?

— உன்ன யாரும் கட்டாயப்படுத்தல மச்சான். நாளைக்கு விடிஞ்சி கரைக்காத்து எழும்பினதும் கப்பல் போயிடும். அதுக்குள்ள சொல்லு.

— குடுத்துடு யா.

— லோகா, நீ சும்மா இரு.

— இன்னா சும்மா இரு? பொன்னேரியிலேர்ந்து வண்டி கட்டிக்கினு வராங்க, பீரங்கி போடறதயும் வாணம் வுடறதயும் பாக்க. நான் அந்த வேடிக்கைக்கா கேக்கறேன்? என் ருக்குவ ஒரு தரம் பாக்கணும்.

— பாத்துட்டு? பாத்தா எறங்கி வந்துடுவாளா? பாத்துட்டு வந்து இன்னும் நாலு நாள் சோறு தண்ணி இல்லாம கெடப்ப. கைப்புள்ளைக்குப் பாலு இல்லாம போவும்.

— அண்ணே, சீலை எழுதற கேசவனும் உன் படகுல வரார்னு சொன்னியே, மெய்தானா?

— மெய்தான். கப்பல் பொறப்படறத படமா எழுதிக் குடுன்னு கோட்டைய ஆள்ற உலாந்தாக்காரன் சொல்லியிருக்கான். அணியத்துல பக்கத்து எடம் அவருக்குத்தான். அவர் கிட்ட பேசிட்டேன் தங்கச்சி. இவதான்னு கைய காட்டினா போதும், கரித்துண்டால உன் பொண்ணு மூஞ்சிய ஒரு முழத் துணியில புடிச்சிக் குடுத்துடுவார். அதுக்கு ஒண்ணும் வாணாமாம். நல்ல மனுஷன்.

— துணியில இருக்கிற மூஞ்சிய வெச்சிக்கினு இன்னா பண்ணுவ லோகா? கஞ்சி ஊத்துவியா?

— கப்பல் திரும்பி வரும்போதெல்லாம் கரைக்குக் கொண்டு போவேன். கடலுக்கு அந்தாண்டயிருந்து வர ஒவ்வொருத்தன் கிட்டயும் விரிச்சிக் காட்டி, இந்தப் பொண்ண எங்கனா பாத்தியான்னு கேப்பேன். வாயால எப்பிடி யா சொல்றது? கறுப்பா ஒல்லியா பதினோரு வயசுன்னா, கப்பல்ல பாதி பேரு அப்பிடித்தான் இருப்பாங்க. எனக்கே மறக்குது. ஒம்போது நாள்தான் ஆவுது, காதுக்குப் பின்னால மச்சம் எந்தப் பக்கம்னு நேத்து பூரா யோசிச்சேன், தெரியல. பெத்தவளுக்கே தெரியல யா.

— எடது பக்கம்.

— உனக்குத் தெரியுது.

— தெரியும்.

— அப்ப குடுத்துடு. பாடு இன்னொரு தரம் வரும்.

— அடி பைத்தியமே, அவள கோட்டையில அரிசிக்கு எதுக்குக் குடுத்தேன்? சின்னவன் பொழைக்கணும், நீ எழுந்து குந்தணும்னுதானே? இப்ப பாட்ட தூக்கிக் குடுத்துட்டு மறுபடியும் பட்டினி கெடந்தா, அவள குடுத்ததே வீணாப் போவும். அத யோசிச்சியா?

— என்ன கேட்டா குடுத்த?

— நீ காய்ச்சல்ல கண்ணு தொறக்காம கெடந்த. கேட்டிருந்தா வுட்டிருப்பியா?

— வுட்டிருக்க மாட்டேன். செத்திருப்போம், நாலு பேரும் ஒண்ணா. ஆனா உன்ன மட்டும் சொல்ல மாட்டேன் யா. நீ கஞ்சி ஊத்தின, நான் குடிச்சேன். வூட்ல ஒரு மணி அரிசி இல்லன்னு எனக்குத் தெரியும். இது எங்கேர்ந்து வந்துதுன்னு ஒரு வார்த்தை கேக்காம குடிச்சேன். மூணாவது நாள்தான் ருக்கு எங்கன்னு கேட்டேன். அந்தப் பாவம் என் தொண்டையிலயே நிக்குது.

— அழாத லோகா. தனக்கோடி நிக்கிறான்.

— நிக்கட்டும். அவள குடுத்த நாலாம் நாளு மழை புடிச்சிக்கிச்சு. அடுத்த நாள் முகத்துவாரம் தொறந்துச்சு. நாலே நாளு யா! அண்ணே, இந்தப் பாட்ட உனக்குக் குடுக்கறதுக்குப் பதிலா கோட்டைக்காரனுக்குக் குடுத்துட்டு அவள திருப்பிக் கேட்டா இன்னா?

— தங்கச்சி, அதெல்லாம் உன் புருஷன் கேட்டுட்டான். மழை புடிச்ச அன்னைக்கே நனைஞ்சிக்கினு போயி கோட்டை வாசல்ல நின்னான். மறுநாளும் போனான். மூணாந்தரம் காவக்காரன் தடியால அடிச்சி வெரட்டினான், நான்தான் இட்டாந்தேன். அவங்க ஏட்டுல அடிமைன்னு பேரு எழுதிட்டா எழுதினதுதான்.

— முதுகுல காயம் இருந்துதே, படகுல இடிச்சிக்கினேன்னு சொன்னியே யா?

— வுடு லோகா. தனக்கோடி, பாட்ட எடுத்துக்கோ. பொன்னுரங்கத்த வலை எறக்கச் சொல்லு. நான் ஊர் நாட்டார் கிட்ட சொல்லிக்கறேன்.

— மச்சான், என்னத் தப்பா நெனைக்காத. எனக்கும் வூட்ல பத்து வாயி இருக்குது. இல்லாங்காட்டி உன் கிட்ட வாங்குவனா?

— தெரியும். போ.

— இரு இரு, ஒண்ணு சொல்லிடறேன். அணியத்துல தங்கச்சி குந்தறதுல புண்ணியம் இல்ல. நீதான் வரணும்.

— ஏன் அண்ணே? நான்தானே பாக்கணும்?

— மேல முந்நூறு பேரு நிக்கறாங்க தங்கச்சி. பேனு புடிக்கும்னு ஆம்பள பொம்பள எல்லாருக்கும் மொட்டை அடிச்சி, ஒரே மாதிரி துணிய சுத்தி வுட்டிருக்காங்க. போன கப்பலுக்கு ஒரு தாய இட்டுக்கினு போனேன். தன் புள்ள எதுன்னு தேடறதுக்குள்ளயே கப்பல் நகந்துடுச்சி. பேரு சொல்லிக் கூப்டணும், அப்பத்தான் அது திரும்பும், கேசவன் எழுதுவார். அந்த அலையிலயும் வெடியிலயும் உன் கொரலு எட்டாது. உன் புருஷன் துளசிங்கம் ஏரியில படகுக்குப் படகு கூவுவானே, ஊருக்கே கேக்கும். அந்தக் கொரலு அவளுக்கு ஆயிரம் பேருல தெரியும்.

— மெய்தான் யா. நீ போ. நான் கரையிலயே நிக்கறேன். எனக்குத் துணி வந்தா போதும்.

— நான் போவல.

— இன்னா யா இது! பாட்ட குடுத்துட்டு?

— பாடு போட்டும். வலையக் கேட்டாலும் குடுக்கறேன், படகக் கேட்டாலும் குடுக்கறேன். நான் கூப்ட மாட்டேன்.

— கோவமா இருப்பான்னு பயப்படறியா? அவ அழல, அடம் புடிக்கல, தானாத்தான் உள்ள போனான்னு நீதானே சொன்ன.

— கோவமா இருந்தா போயி நிப்பேன் லோகா. மூஞ்சில துப்பினா வாங்கிக்குவேன். என் கொரலு கேட்டா அவ சிரிப்பா. நாம வந்துட்டோம்னு நெனச்சிக்குவா.

— எங்க வந்துட்டோம்னு? இன்னா யா சொல்ற?

— கோட்டை வாசல்ல என் கைய வுடவே இல்ல லோகா. அம்மாவையும் தம்பியையும் இட்டுக்கினு நைனா பின்னாலயே வரேன், நீ முன்னாடி போயி கப்பல்ல நம்ம நாலு பேருக்கும் எடம் புடிச்சி வையின்னு சொன்னேன். ஒடனே வுட்டுட்டு ஓடினா.